பாவு அறுந்த காலையும் ஒரு பொய் அறிக்கையும்

அந்த அறிக்கையை எழுதிய அதிகாரி பொய் எழுதியிருக்கிறார். தெரியாமல் எழுதிய தப்பு இல்லை. எங்கள் தெருவில் பந்தலுக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாங்கள் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்து, எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிட்டுப் போய் எழுதிய பொய்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காவலர் பயிற்சியை மாற்ற வேண்டும், அதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நம் மாநிலத்தில் ஒரு சட்ட மசோதா தயாரானது. அதில் ஒரு பிரிவு எனக்கு ரொம்பப் பிடித்தது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் மைதானத்தில் கவாத்து பழகினால் மட்டும் போதாது. சில நாட்கள் ஊருக்குள் போய், சாதாரண ஜனங்கள் சொல்வதைக் கடைசிவரை கேட்டுப் பழக வேண்டும். ஒழுங்காகக் கேட்டார்களா என்று அந்த ஜனங்களே மார்க் போட வேண்டும். சட்டம் ஆகுமுன் இதைச் சில இடங்களில் செய்து பார்த்தார்கள். அதில் ஒன்று ஆரணியில் பட்டு நெய்கிற எங்கள் தெரு.

எங்களைப் பற்றி அறிக்கையில் இருப்பது ஒரே ஒரு வரி. பயிற்சியின் நடுவில் பொதுமக்கள் தங்கள் சொந்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள், ஒத்துழைப்பு இல்லை. இதைக் காட்டி அந்தப் பிரிவையே மசோதாவிலிருந்து எடுத்துவிடப் போகிறார்களாம். அதற்கு வைத்த பணம் கட்டடத்துக்குப் போகுமாம். எதிர் வீட்டுப் பெண் சட்டம் படிக்கிறாள். அவள்தான் மனுப் போட்டு அறிக்கையை வாங்கி வந்து, எனக்குப் படித்துக் காட்டினாள். கேட்ட அன்று நான் சோறு வடிக்கவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், காரணம் என் வீட்டுக்காரர்.

அவருக்குத் திக்குவாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தறியில் உட்கார்ந்துவிட்டால் அவரைப் போல வேலைக்காரர் இந்தப் பக்கத்தில் கிடையாது. வாயைத் திறந்தால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவார். சில வருடங்களுக்கு முன்னால் பஸ்ஸில் வரும்போது, கடைக்குக் கொடுக்க வேண்டிய இரண்டு பட்டுச் சேலைகள் இருந்த பை காணாமல் போனது. புகார் கொடுக்க ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். எங்கள் ஊர் ஸ்டேஷன் இல்லை. எந்த ஊர் என்று இங்கே எழுதப்போவதும் இல்லை. காலையில் போனவர் இருட்டுகிற நேரத்தில் வீடு வந்தார். என்ன நடந்தது என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டினார். அதற்கப்புறம் எந்த ஸ்டேஷன் இருக்கிற ரோட்டிலும் அவர் போக மாட்டார். சுற்றிக்கொண்டுதான் போவார். எங்கள் மொபெட் திருடு போனபோதுகூடப் புகார் கொடுக்க விடவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று என்னிடம் சொன்னதே இல்லை. அந்தப் பயிற்சி நாள் வரைக்கும்.

அந்த நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்த நாள் குறைவு.

ஒரு வாரம் முன்னாலேயே அந்த அதிகாரி காக்கி போடாமல், ஒரு ஃபைலோடு வந்தார். தெருவில் இருபது பேரை நிற்க வைத்து, "பொய்ச் சண்டை ஒண்ணு போடணும். ரெண்டு குடும்பம், தெருவுல இடத்துக்குத் தகராறு. பயிற்சிக்கு வர்ற பசங்க அதைச் சமாதானம் பண்ணணும். உங்கள்ல யாருக்கு நல்லா சண்டை போட வரும்?" என்று கேட்டார்.

எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள். என் வீட்டுக்காரரும்தான். எனக்கு அதில் வெட்கம் இல்லை.

எனக்கு எதிராளியாக எதிர் வீட்டுக்காரியைப் போட்டார்கள். சட்டம் படிக்கிற பெண்ணின் அம்மா. என் வீட்டுக்காரருக்குத் தங்கை முறை, எனக்கு நாத்தனார். தினமும் காலையில் அவள் வீட்டுக் காப்பி எனக்கு வரும், என் வீட்டுக் குழம்பு அவளுக்குப் போகும். அவளோடு எப்படிச் சண்டை போடுவது என்று இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதிகாரி கொடுத்த தாளில் சண்டைக்குக் காரணம் கார் நிறுத்துகிற இடம் என்று இருந்தது.

"எங்க ரெண்டு பேர்கிட்டயும் காரே இல்லீங்க," என்றேன்.

"நடிப்புதானேமா. இருக்கிறதா நினைச்சிக்குங்க."

"கார நெனச்சிகினு சண்ட வராது சார். வேற எதனா குடுங்க," என்றாள் நாத்தனார்.

அவர் ஃபைலை மூடினார். பயிற்சி அன்று பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வந்தது ஏழு மணிக்கு. அன்று விடிகாலையில்தான் நாத்தனார் வீட்டுப் பாவு தெருவில் போட்டிருந்தது. பாவு என்றால் சேலையின் நீள இழைகள். அத்தனையையும் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி பூசி, வெயில் ஏறுமுன் ஒவ்வொரு இழையாகப் பிரித்துவிட வேண்டும். முடி மாதிரி மெல்லிசு. அந்த நேரத்தில் எங்கள் தெருவில் சைக்கிள்கூட இறங்கித்தான் தள்ளிக்கொண்டு போகும்.

அதிகாரி வேனிலிருந்து இறங்கியதும், "இந்தக் கயித்தையெல்லாம் அவுத்து ஓரமா வைங்க," என்றார்.

"கயிறு இல்லீங்க, பாவு. கஞ்சி காயற வரிக்கும் அவுக்கக்கூடாது. பத்து மணின்னுதான சொன்னீங்க."

"அடுத்து வேற ப்ரோக்ராம் இருக்கு. ஜல்தியா முடிக்கணும்."

கடைசியில் பாவு இல்லாத மேற்குப் பாதியில் பயிற்சி என்று முடிவானது. பயிற்சிக்கு வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். பையன்களுக்கெல்லாம் முடி வெட்டிக் காது மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அதில் ஒரு பெண், ஆரணிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டில் நெல் விவசாயக் குடும்பம் என்று பிறகு சொன்னாள். இன்னொருவன் பனைமரம் மாதிரி நெட்டை. அவன் கையில் ஒரு லத்தி. கூட்டத்தை விலக்குகிற வேலை அவனுக்கு. பெண்ணுக்குப் புகார் கேட்கிற வேலை.

என் வீட்டுக்காரர் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் உள்ளே போய்த் தறியில் உட்கார்ந்துகொண்டார். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வர மாட்டார் என்று தெரியும்.

அதிகாரி விசில் ஊதினார். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னாடி, என் கார் நிக்கிற எடத்துல உன் கார உட்டுகினு கீற," என்றேன். என்னாலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சுற்றி நின்ற ஜனம் கெக்கலி கொட்டியது. அதிகாரி மறுபடி விசில் ஊதினார். "சீரியஸா பண்ணுங்க. இது கவர்மென்ட் ப்ரோக்ராம்."

சரி, சீரியஸாகப் பண்ணலாம் என்று நாத்தனார் முடிவு செய்துவிட்டாள்.

"கார உடு. உன் பொண்ணு வளைகாப்புக்கு என்ன கடைசிப் பந்தியில உக்கார வெச்சியே, அது ஞாபகம் கீதா?"

எனக்குச் சுருக்கென்றது. இதைத் தாளில் யாரும் எழுதவில்லை.

"நீ எத்தினி மணிக்கு வந்த? எல எடுத்துப் போட்டப்புறம் வந்த. உனுக்காக பந்திய நிறுத்தி வைப்பாங்களா?"

"வடை இல்ல. பாயசம் இல்ல. சொந்த நாத்தனாருக்கு ரசம் சோறு."

"வடை இல்லன்னு இத்தினி வருசமா மனசுல வெச்சிகினு தினம் காப்பி குடுத்தியாடி நீ?"

"அந்தக் காப்பில சக்கர கம்மின்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரியறியே, அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா அண்ணி?"

இது நடிப்பா நிஜமா என்று யாருக்கும் தெரியவில்லை. எங்களுக்கே தெரியவில்லை. சேத்துப்பட்டுப் பெண் நோட்டில் எழுத ஆரம்பித்தவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அம்மா, ஒருத்தர் பேசினதுக்கு அப்புறம் ஒருத்தர் பேசுங்க. மொதல்ல இவங்க. வடை ஏன் வரல?" என்றாள். ஜனம் சிரித்ததில் தெருவே அதிர்ந்தது. பயிற்சிக்கு வந்த பையன்களும் சிரித்தார்கள். நெட்டையன் கடமை தவறாதவன். கூட்டத்தை விலக்க வேண்டுமே என்று லத்தியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. மேற்குப் பாதி முடிந்தது, கிழக்குப் பாதி வந்தது.

சத்தம் ஒன்றும் பெரிதாக வராது. பாவு அறுந்தால் ஈரத் துணியை உதறினது மாதிரி இருக்கும். அவ்வளவுதான். எங்கள் காதுக்கு அது போதும். லத்தி முனை பாவுக்குள் போய், நூறு நூற்றைம்பது இழை போயிருந்தது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. தெருவில் பாவு அறுந்தால், யார் வீட்டுப் பாவு என்று பார்க்காமல், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு உட்கார்ந்து பிணைக்க வேண்டும். வெயில் ஏறினால் கஞ்சி காய்ந்து இழைகள் சுருண்டுவிடும். அப்புறம் முனையைக் கண்டுபிடிக்க முடியாது. மூன்று வருடம் பேசாத அண்ணன் தம்பிகூட அந்த நேரத்தில் எதிரெதிரே உட்காருவார்கள். பிணைத்து முடிகிறவரை பழைய தகராறை யாரும் எடுக்கக்கூடாது.

நானும் நாத்தனாரும் வாயில் இருந்த சொல்லை அப்படியே விட்டுவிட்டு ஓடினோம். பார்த்துக்கொண்டிருந்த ஜனமும் வந்து இரண்டு பக்கமும் உட்கார்ந்தது. ஒரு கிண்ணத்தில் சாம்பல் வந்தது. விரலில் சாம்பல் தொட்டு, அறுந்த இரண்டு முனையையும் சேர்த்து முறுக்குவோம். முடிச்சுத் தெரியாது.

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. பந்தலுக்கடியிலிருந்து விசில் ஊதினார். மறுபடி ஊதினார். "ஏன் நிறுத்திட்டீங்க? சண்டை முடியலையே. ஸ்க்ரிப்ட் பாதிதான் ஆயிருக்கு."

"சண்டைய அப்பால போட்டுக்கலாம் சார்," என்று நாத்தனார் தலையைத் தூக்காமல் சொன்னாள்.

நெட்டையன் முகம் செத்துப்போயிருந்தது. லத்தியைத் தரையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் குந்தினான். "அக்கா, இதுவும் பயிற்சியில சேர்ந்ததா, நிஜமாவே அறுந்துடுச்சா?"

"வாய மூடிகினு கைய குடு. இந்த முனையப் புடி. இழுக்காத. இழுத்த, உன்ன சாயங்காலம் வரிக்கும் உடமாட்டேன்."

பிடித்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராக ஷூவைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு யாரும் உத்தரவு போடவில்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு காக்கிச் சட்டைக்காரர்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, பட்டு முனையைப் பிடித்துக்கொண்டு, மூச்சுகூட மெதுவாக விட்ட அழகை எங்கள் தெரு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. ஒருவனுக்கு மூக்கில் அரித்தது. இரண்டு கையும் வேலையாக இருந்ததால் பக்கத்தில் இருந்த கிழவரிடம், "தாத்தா, கொஞ்சம் சொறிஞ்சு விடுங்க," என்றான். அவர் சொறிந்துவிட்டார்.

பாவு அறுந்த சேதி கேட்டுத்தான் என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். தெருவிலேயே வேகமாகப் பிணைக்கிற கை அவருடையது. காக்கிகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். திரும்பி உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. பாவுதான் அவரை இழுத்து வந்தது. காலியாக இருந்த ஒரே இடம் அந்தச் சேத்துப்பட்டுப் பெண்ணுக்கு எதிரில். உட்கார்ந்தார். அவள் முனைகளைப் பிரித்துக் கொடுக்க, அவர் முறுக்கிக்கொண்டே போனார். நாற்று நட்ட கை, அவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் சாதாரணமாகக் கேட்டாள். "அய்யா, தெருவே வெளிய வந்து பேசிச்சு. நீங்க மட்டும் உள்ளயே இருந்தீங்களே, ஏன்?"

அவர் இழையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நா... நா..." என்று ஆரம்பித்தார். நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன். "அவருக்கு போலீஸ்னா..."

"அக்கா. அவரு சொல்லட்டும்," என்றாள் அந்தப் பெண்.

கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் என்னை வாயை மூடச் சொன்ன முதல் ஆள் அவள். சரி என்று மூடிக்கொண்டேன்.

அவர் சொன்னார். ஒவ்வொரு சொல்லாக, நின்று நின்று. அவள் பிடித்திருந்த முனையைக்கூட அசைக்கவில்லை. அவர் தேடுகிற சொல் எது என்று அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் கண்ணை முறைத்துப் பார்க்கவும் இல்லை. விரலையும் இழையையும் பார்த்துக்கொண்டே கேட்டாள். பை காணாமல் போன அன்று, ஸ்டேஷனில் பெயரைக் கேட்டார்களாம். பெயர் வரவில்லை. குடித்திருக்கிறாயா, வாயை ஊது என்றார்களாம். ஊதினார். அப்புறம் அவர் திக்குவது மாதிரியே ஒருவர் திக்கிக் காட்ட, இருந்தவர்கள் சிரித்தார்களாம். சாயங்காலம்வரை தரையில் உட்காரவைத்து, பெயரைச் சொல்லு, பெயரைச் சொல்லு என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்டார்களாம். புகாரை எழுதவே இல்லை.

எல்லோர் கையும் வேலை செய்துகொண்டிருந்தது.

அவர் சொல்லி முடித்ததும் அந்தப் பெண், இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று காத்திருந்தாள். பிறகு, "உங்க பேரு இன்னாங்க அய்யா?" என்று கேட்டாள். அவர் தன் பெயரைச் சொன்னார். நேரம் எடுத்தது. முழுசாகச் சொன்னார். அவள் ஒருமுறை திருப்பிச் சொல்லி, "சரிதானுங்களா?" என்றாள். அவர் சிரித்தார். என் வீட்டுக்காரர், காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆளுக்கு முன்னால் உட்கார்ந்து சிரித்தார்.

எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம் என் மேலேயே. இத்தனை வருடம் அவர் வாயில் வருகிற ஒவ்வொரு சொல்லையும் நான் பிடுங்கிப் பேசியிருக்கிறேன். உதவி என்று நினைத்துப் பேசியிருக்கிறேன். அவரை முழுசாகப் பேச விட்டிருந்தால் இந்தச் சேதி எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பாவு ஒன்பது மணிக்குள் பிணைத்து முடிந்தது. ஒரு சுருக்கம்கூட இல்லை. நாத்தனார் அவள் வீட்டுக்குள் போய் எல்லோருக்கும் வடை சுட்டாள். முதல் வடையை எனக்கு நேரே நீட்டி, "இந்தா, மொதல் பந்தி," என்றாள். அவள் போட்ட காப்பியில் அன்றைக்கு அவ்வளவு சர்க்கரை, நாக்கு ஒட்டிக்கொண்டது. நெட்டையன் பதினொரு வடை தின்றான். எண்ணிக்கொண்டிருந்தவள் நாத்தனார்தான், நான் இல்லை.

பிறகு மார்க் போட வேண்டும் என்று எங்கள் கையில் ஆளுக்கொரு தாள் வந்தது. பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். நாங்கள் எல்லோருக்கும் பத்து போட்டோம். பாவை அறுத்த நெட்டையனுக்கும் பத்து. என் வீட்டுக்காரர் மட்டும் அந்தப் பெண்ணுக்கு எட்டு போட்டார். ஏன் என்று அவளே வந்து கேட்டாள்.

"ரெ... ரெண்டு முனைய... மாத்திக் குடுத்துட்ட," என்றார். பக்கத்தில் நான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அதிகாரி அந்தத் தாள்களை எண்ணிக்கூடப் பார்க்காமல் ஃபைலில் சொருகினார். "ஸ்க்ரிப்ட் முடியலை, எல்லாம் வேஸ்ட், பேஜாரா போச்சு," என்று டிரைவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. களைப்பில் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். அதையே அறிக்கையில் எழுதுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. அது என் தப்பு. அன்றைக்கே பிடித்து நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு, வருகிறாயா என்று ஜாடை காட்டினார். எங்கே என்று கேட்டேன். நடந்தார். எங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு நேரே போய், காணாமல் போன மொபெட்டுக்குப் புகார் கொடுத்தார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். முக்கால் மணி நேரம் ஆனது. கையில் ரசீதோடு வந்தார். மொபெட் இன்னும் கிடைக்கவில்லை. அவருக்கு அதைப் பற்றிக் கவலை இருப்பதாகத் தெரியவில்லை. இப்போதெல்லாம் ஸ்டேஷன் இருக்கிற ரோட்டில்தான் மார்க்கெட்டுக்குப் போகிறார்.

இதற்குப் பெயர்தான் ஒத்துழைப்பு இல்லையாம்.

மசோதா இன்னும் சட்டசபையில் முடியவில்லை. அந்தப் பிரிவை எடுப்பதா வைப்பதா என்று இனிமேல்தான் முடிவு என்கிறாள் நாத்தனார் மகள். கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டிக்கொள்ளுங்கள். அந்தக் கட்டடத்தில் உட்காரப்போகிறவனுக்கு, பெயர் சொல்ல நேரமாகிற ஒரு மனிதன் முன்னால் பொறுமையாக உட்காரத் தெரிய வேண்டாமா? அதைக் கற்றுக்கொள்ள இருந்த ஒரு வழியையும் ஒரு பொய்யை வைத்து அடைக்கிறீர்கள்.

அதனால் அறிக்கை எழுதிய அதிகாரியைக் கேட்கிறேன். தபாலில் எனக்குப் பதில் வேண்டாம். ஃபோனில் வேண்டாம். எங்கள் தெருவுக்கு வாருங்கள். அன்றைக்கு வந்த பையன்களையும் அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பத்திரிகைக்காரர்களும் வரட்டும். யார் ஒத்துழைக்கவில்லை என்று ஜனங்கள் முன்னால் விரலை நீட்டிக் காட்டுங்கள். கேள்வியை நான் கேட்க மாட்டேன். என் வீட்டுக்காரர் கேட்பார். அவர் கேட்டு முடிக்கிறவரை குறுக்கே பேசாமல் நின்று, அப்புறம் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி பதில் சொல்லுங்கள்.